நீலன் திருச்செல்வத்தை வாசித்தல்

நீலன் திருச்செல்வம் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப்போகிறவர் இரண்டு வகை எழுத்தைத்தான் காண்பார். ஒரு வகை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதில் அவர் மென்மையானவர், சட்ட மேதை, சமாதானத்தின் உருவம், குறையென்று ஒன்றுமில்லாதவர். மற்றது தமிழில் இருக்கிறது. அதில் அவர் கொழும்புத் தமிழர், சந்திரிகாவுக்குத் 'தீர்வுப் பொதி' கட்டிக்கொடுத்தவர், ஆகவே துரோகி. புகழுரையோ வசையோ, இரண்டிலும் அந்த மனிதர் என்ன எழுதினார், என்ன பேசினார், எதில் வென்றார், எதில் தோற்றார் என்பதற்கு இடமில்லை. ஒருவரை வாசிக்காமலே வணங்குவதும் வாசிக்காமலே கொல்வதும் எங்களிடம் நெடுநாளாக இருக்கிற வழக்கம்தான். ஆனால் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் கழிந்துவிட்டன. இனியாவது வாசிக்கலாம்.

1999 ஜூலை 29 காலை, கொழும்பில் கின்சி றோட்டும் றோஸ்மீட் பிளேசும் சந்திக்கிற இடத்தில், அலுவலகத்துக்குப் போய்க்கொண்டிருந்த அவருடைய காரின்மீது தற்கொலைக் குண்டுதாரி ஒருவர் பாய்ந்தார். நீலனுக்கு வயது ஐம்பத்தைந்து. புலிகள் உரிமை கோரவில்லை. ஆனால் அதைச் செய்தது வேறு யாரோ என்று மனமறிந்து சொன்ன தமிழர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை. சரி என்றவர்களும் பிழை என்றவர்களும் செய்தது யார் என்பதில் மட்டும் ஒத்துப்போனார்கள்.

நான் சட்டம் படித்தவனில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்தில் தொடங்கிய படிப்பு இரண்டாம் வருடத்தோடு நின்றது. இப்போது மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜில், ஒரு றெஸ்ரோரண்டின் குசினியில் வேலை. மலைமேலே பல்கலைக்கழகம், கீழே விக்டோரியா அவெனியூவில் தமிழ்க் கடைகள், இடையில் நாங்கள். ஹாவார்டில் கலாநிதிப் பட்டம் பெற்றவரைக் கோப்பை கழுவுகிற இடத்திலிருந்து பார்க்கும்போது சில தெரியும், சில தெரியாது. வாசகர் அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளட்டும்.

முதலில் குடும்பம். எங்கள் அரசியலில் குடும்பத்தைத் தள்ளிவிட்டுப் பேசமுடியாது. தகப்பனார் மு. திருச்செல்வம் இராணி அப்புக்காத்து, சொலிசிற்றர் ஜெனரலாக இருந்தவர். 1965 இல் டட்லி சேனநாயக்காவின் அரசாங்கத்தில் தமிழரசுக் கட்சியின் சார்பில் செனற்றராகி, உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபை மசோதா அவர் கையில் இருந்த வேலை. அது 1968 இல் கைவிடப்பட்டது. அதே வருடம் திருகோணமலைக் கோணேஸ்வரத்தைப் புனிதப் பிரதேசமாக்குவது பற்றி ஆராய அவர் அமைத்த குழுவை டட்லி தடுத்தார். திருச்செல்வம் அமைச்சை விட்டு வெளியேறினார்.

பதினொரு வருடம் கழித்து மகன் ஏறக்குறைய அதே வேலைக்கு வருகிறார். றோயல் கல்லூரி, இலங்கைப் பல்கலைக்கழகம், ஹாவார்ட் எல்லாம் முடித்தவர், 1979 இல் ஜே. ஆர். அமைத்த அபிவிருத்திச் சபைகள் பற்றிய ஆணைக்குழுவில் ஓர் உறுப்பினர். மாவட்ட அபிவிருத்திச் சபைச் சட்டம் 1980 இல் வந்தது. தேர்தல் 1981 ஜூன் 4 இல் நடந்தது. அதற்கு மூன்று நாள் முன்பு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தது. அந்தச் சபைகளால் என்ன கிடைத்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. 1983 இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் இடம் வெற்றிடமாக இருந்தபோது கூட்டணி அவரை நியமித்தது. தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறிய ஊரின் பெயரைத் தாங்கிய தொகுதிக்குச் சமஷ்டிச் சட்டத்தரணி ஒருவர் உறுப்பினர். சில மாதங்கள்தான். கறுப்பு ஜூலை வந்தது, ஓகஸ்டில் ஆறாம் திருத்தம் வந்தது, கூட்டணிக்காரர் எல்லோரும் இடங்களை இழந்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவர் அரசியலமைப்புத் திருத்தம், உப பிரிவு, அட்டவணை என்று உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பது எப்படி? ஊரில் இருந்த எங்களுக்கு அது பைத்தியமாக, அல்லது அதைவிட மோசமான ஒன்றாகத் தெரிந்ததில் ஆச்சரியமில்லை. அவருக்குக் கொழும்பில் வீடு இருந்தது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களில் கதிரை இருந்தது. தோற்றால் போய்விடலாம். நாங்கள் தோற்றால் எங்கே போவது என்ற கேள்வி நியாயமானது. (எங்கே போனோம் என்பது வேறு கதை. வான் ஹோர்னில் வாடகை அறைக்குப் போனோம்.)

ஆனால் அவர் போகவில்லை. வர்க்கத்தை வைத்து அவரை அளக்கிறவர்கள் இதையும் அளக்கவேண்டும். 1982 இல் இன ஆய்வுகளுக்கான சர்வதேச நிலையமும் சட்டமும் சமூகமும் பற்றிய நம்பிக்கை நிதியமும் கொழும்பில் தொடங்கப்பட்டன. இரண்டிலும் அவர் முன்னின்றார். அடுத்த வருடமே அந்த நகரத்தில் தமிழர் எரிக்கப்பட்டார்கள். நிறுவனங்கள் மூடப்படவில்லை. ஜி. பார்த்தசாரதி இந்தியாவின் தூதராக வந்து பேசியபோது கூட்டணியின் பக்கத்தில் சட்ட வேலை செய்தவர் நீலன். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தம் வந்தபோது அது போதாது என்று ராஜீவ் காந்திக்குக் கடிதம் எழுதியதும் அவருடைய கட்சிதான். 'கிடைத்ததை வாங்கிக்கொள்' என்பதே அவர்களுடைய கொள்கை என்று இங்கே கூட்டங்களில் சொல்லப்படுவது உண்மையில்லை.

அவருடைய புத்தகங்களில் என்னை அதிகம் நிறுத்தியது 1984 இல் வந்த முதற் புத்தகம். இலங்கையில் மக்கள் நீதியின் சித்தாந்தம் என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஏற்பட்ட இணக்க சபைகளைப் பற்றிய ஆராய்ச்சி அது. எல்லைச் சண்டை, வேலிச் சண்டை, கடன் தகராறு போன்றவற்றைக் கோட்டுக்குக் கொண்டுபோகாமல் ஊரிலேயே தீர்த்துக்கொள்ள வைத்த சபைகள். பழைய கிராம சபையின் நீதி திரும்பி வருகிறது என்று அரசியல்வாதிகள் இனிக்க இனிக்கப் பேசிய காலம். அந்தப் பழைய நீதி எந்த அளவுக்கு உண்மை, எந்த அளவுக்குக் கற்பனை, ஊர் நீதி என்ற பெயரில் உண்மையில் யார் கதிரையில் ஏறுகிறார்கள் என்று புத்தகம் தோண்டுகிறது. வாசிப்பதற்கு இலகுவான புத்தகம் இல்லை. எனக்கு இரண்டு மாரி எடுத்தது.

அந்தப் புத்தகம் வெளிவந்த காலத்தில்தான் வடக்கில் வேறொரு 'மக்கள் நீதி' தொடங்கிவிட்டிருந்தது. மின்கம்பத்தில் கட்டிச் சுடுவது, கழுத்தில் அட்டை தொங்கவிடுவது. கள்ளன், உளவாளி, சமூக விரோதி. விசாரித்தது யார், சாட்சி யார், எதிரி என்ன சொன்னான் என்று அட்டையில் எழுதப்படவில்லை. எல்லா இயக்கங்களுக்கும் இதில் பங்கு உண்டு. மக்கள் பெயரால் நீதி என்று சொல்லும்போது கதிரையில் இருப்பவர் யார் என்று பார் என்பதுதான் அந்தப் புத்தகத்தின் சாரம். அந்தக் கேள்வி எங்களுக்கு மிகவும் தேவைப்பட்ட நேரம் அது. ஆனால் அது டில்லியில், ஆங்கிலத்தில், சட்டப் பேராசிரியர்களுக்காக அச்சானது. கொக்குவிலில் கம்பத்தடியில் நின்று பார்த்தவனுக்கு அது போய்ச்சேரவில்லை.

நீலன்மீது எனக்குள்ள முதலாவது விமர்சனம் இதுதான். துரோகி என்ற பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அவருடைய எழுத்து ஏறத்தாழ முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தன் வழக்கைத் தன் சனத்திடம் அவர் வாதாடவில்லை. நீதிபதியிடம் வாதாடினார், அமைச்சரிடம் வாதாடினார், வொஷிங்டனிலும் லண்டனிலும் வாதாடினார். தந்தை செல்வாவுக்கும் மேடைப் பேச்சு வராது, ஆனால் அவருக்காகப் பேச ஊரூராக ஆட்கள் இருந்தார்கள். நீலனுக்கு அப்படி ஒருவரும் இல்லை. கூட்டணியில் பேசக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்பட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. 1989 இல் அமிர்தலிங்கம், யோகேஸ்வரன். 1997 இல் திருகோணமலையில் தங்கத்துரை. 1998 மே மாதம் யாழ்ப்பாண மேயர் சரோஜினி யோகேஸ்வரன். அதே வருடம் செப்டெம்பரில் அவருக்குப் பின் மேயரான சட்டத்தரணி பொன். சிவபாலன். இந்த வரிசையைப் பார்த்துக்கொண்டு, 'அவர் ஏன் யாழ்ப்பாணத்துக்கு வந்து கூட்டம் வைக்கவில்லை' என்று கேட்பதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும். ஆனாலும் எழுதலாமே. தமிழில் ஒரு சிறு நூல், ஐம்பது பக்கம், இதுதான் நான் கேட்பது, இதனால் இன்னது வரும், இன்னது வராது என்று. அந்த ஐம்பது பக்கம் இல்லாத இடத்தில் மற்றவர்கள் எழுதினார்கள்.

இனிப் பொதி. 1994 இல் தேசியப் பட்டியல் மூலம் மீண்டும் பாராளுமன்றம் போன நீலன், ஜி. எல். பீரிசுடன் சேர்ந்து வரைந்த யோசனைகள் 1995 ஓகஸ்ட் 3 இல் வெளியாயின. ஒற்றையாட்சி என்ற சொல் போய், பிராந்தியங்களின் ஒன்றியம் என்று வந்தது. கொழும்பு அரசாங்கம் ஒன்று தன் பெயரில் வெளியிட்ட தாள்களில் அவ்வளவு தூரம் போனது அதற்கு முன் இல்லை, பின்னும் இல்லை. இதை ஒப்புக்கொள்வதால் யாருடைய தியாகமும் குறைந்துவிடாது.

ஆனால் திகதிகளைப் பாருங்கள். 1995 ஜூலை 9 நவாலித் தேவாலயத்தில் குண்டு விழுந்து நூற்றுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஓகஸ்ட் 3 பொதி. ஒக்ரோபர் 30 இரவு யாழ்ப்பாணம் முழுவதும் செம்மணி வெளியாலும் நாவற்குழிப் பாலத்தாலும் நடந்து வெளியேறியது. ஒரு கையில் யோசனை, மறு கையில் 'சமாதானத்துக்கான போர்'. அந்த இரண்டு கையும் ஒரே உடம்பில் இருந்தவை. பொதியைக் காட்டித்தான் வெளிநாடுகளில் போருக்கு அனுமதி வாங்கப்பட்டது. அதை வரைந்தவருக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

என்னுடைய அபிப்பிராயம் இது: அந்த ஒக்ரோபருக்குப் பிறகு அவர் மேசையிலிருந்து எழுந்திருக்கவேண்டும், 1968 இல் தகப்பன் எழுந்ததுபோல. 1996 ஜனவரி வரைவில் மத்தியின் கை மீண்டும் நீண்டது. 1997 ஒக்ரோபர் வரைவு, பிறகு 2000 ஓகஸ்ட் மசோதா. ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. கடைசி மசோதாவை அவருடைய சொந்தக் கட்சியே ஆதரிக்கவில்லை. ஐ.தே.க. உறுப்பினர்கள் அதன் பிரதிகளைப் பாராளுமன்றத்துக்குள்ளேயே எரித்தார்கள். நீலன் அதைப் பார்க்க இருக்கவில்லை.

எழுந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று கேட்பவர் இருப்பார். ஒன்றும் நடந்திருக்காது. போர் நடந்திருக்கும். ஆனால் ஒரு சட்டத்தரணி எந்த இடத்தில் வழக்கைக் கைவிடுகிறார் என்பதும் வாதத்தின் பகுதிதான். நீலனின் பதில் என்னவாக இருந்திருக்கும் என்பதை அவருடைய பாராளுமன்றப் பேச்சுகளிலிருந்து ஊகிக்கலாம். கதிரையில் இருந்தால் அவசரகாலச் சட்டத்தைப் பற்றி மாதாமாதம் எழுந்து பேசலாம், குண்டு விழுந்த இடத்தின் பெயரை ஹன்சார்டில் ஏற்றலாம். அவர் அதைச் செய்தார். கொல்லப்படுவதற்கு ஆறு கிழமைக்கு முன்னர் பேசியபோது, போர்க்களத்திலோ வேறெங்கோ சாவைப் போற்றிப் பாடக்கூடாது, உயிரைக் காப்பதே எல்லா உரிமைக்கும் அடி என்ற கருத்தைச் சொன்னார். அந்தக் காலத்தில், அந்த அவையில், அது இரண்டு தரப்புக்கும் போய்ச்சேர்ந்த சொல். இரண்டு தரப்புக்கும் பிடிக்காத சொல்லும்கூட.

இவ்விடத்தில் இன்னொரு சட்டத்தரணியைக் கொண்டுவராமல் இருக்கமுடியாது. நீலன் செத்து ஆறு மாதம் முடியமுன், 2000 ஜனவரி 5 இல், வெள்ளவத்தையில் தன் காருக்குள் சுட்டுக் கொல்லப்பட்டவர் குமார் பொன்னம்பலம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடிபட்ட எத்தனையோ பிள்ளைகளுக்காகக் கோட்டில் நின்றவர். அவருடைய கொலையின் பின்னால் அரசின் ஆட்கள் இருந்தார்கள் என்று பரவலாக நம்பப்பட்டது. அவருக்கு மாமனிதர் பட்டம் கிடைத்தது. இங்கே மண்டபங்களில் படம் வைத்து விளக்கேற்றினார்கள். ஏற்றட்டும், அவர் அதற்குத் தகுதியானவர்.

ஆனால் இருவரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இருவரும் கொழும்பு. இருவரும் இராணி அப்புக்காத்தின் பிள்ளைகள். 1976 இல் அமிர்தலிங்கம் முதலானோர்மீது நடந்த 'ட்ரயல் அற் பார்' வழக்கில் ஜீ. ஜீ. பொன்னம்பலமும் மு. திருச்செல்வமும் ஒரே பக்கத்தில் நின்று வாதாடினார்கள். மகன்மாருக்கு ஒரே ஆயுதம், சட்டம். வர்க்கம்தான் குற்றம் என்றால் இருவருக்கும் குற்றம். கொழும்பில் இருந்ததுதான் குற்றம் என்றால் இருவரும் இருந்தார்கள். ஒருவர் மாமனிதர், மற்றவர் துரோகி. பிரித்தது அவர்களுடைய அரசியல் நிலைப்பாடு என்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் சாவுக்குப் பிறகான கணக்கைப் பிரித்தது கொன்றவர் யார் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. எதிரி கொன்றால் அழலாம். நாங்கள் கொன்றால் காரணம் தேடவேண்டும்.

எங்கள் குசினியில் என்னோடு வேலை செய்கிறவர் எல் சல்வடோர் நாட்டுக்காரர், வயதானவர். சட்டத்தரணிகளை அவர் 'லிசென்சியாதோ' என்று மரியாதையாகச் சொல்வார். அவர் வாயிலிருந்துதான் மரியனெல்லா கார்சியா வில்லாஸ் என்ற பெயரை முதலில் கேட்டேன், பிறகு தேடி வாசித்தேன். வசதியான வீட்டுப் பெண், சட்டத்தரணி, எழுபதுகளில் பாராளுமன்ற உறுப்பினர். பிறகு மனித உரிமை ஆணைக்குழு ஒன்றை நடத்தி, தெருவோரத்தில் கிடந்த பிணங்களைப் படமெடுத்துக் கணக்கு வைத்தவர். 1983 மார்ச்சில் இராணுவம் அவரைக் கொன்றது. கெரில்லா என்று அறிவித்தது. நீலனைப்போலவே அவரும் தன் வர்க்கத்தை விட்டு முழுதாக வெளியே வந்தவர் இல்லை. ஆனால் அந்த முதியவர் அவர் பெயரைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றுவார். நான் அவருக்கு நீலனைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டது ஒன்றுதான்: யார் கொன்றது? சொன்னேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை, வெங்காயம் வெட்டப் போனார்.

சட்டம் என்பது கடதாசி, கடதாசியால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்று எங்கள் ஆட்கள் கேட்கிற கேள்வி இருக்கிறது. ஊரில் அந்தக் கேள்விக்கு நியாயம் உண்டு. பண்டா–செல்வா ஒப்பந்தம் கடதாசி, டட்லி–செல்வா ஒப்பந்தம் கடதாசி. ஆனால் கனடாவில் இருந்துகொண்டு இதைக் கேட்பது விசித்திரம். 1985 இல் இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. இந்த மண்ணில் கால் வைத்த அகதி தன் கதையை நேரே வாயால் சொல்லக் கேட்கப்படவேண்டும் என்று. அடுத்த வருடம் ஓகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் கண்டெடுக்கப்பட்டார்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த நாங்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பின் நிழலில்தான் வந்தோம். யாரோ ஒரு சீக்கியருக்காக யாரோ ஒரு சட்டத்தரணி உப பிரிவு உப பிரிவாக வாதாடிய கடதாசி அது.

கை-ஃபவ்றோ கட்டடத்தின் விசாரணை அறையில் எங்களில் பலர் சத்தியம் செய்து என்ன சொன்னோம்? ஆமிக்கும் பயம், இயக்கத்துக்கும் பயம் என்றோம். அது உண்மை. அதை மொழிபெயர்ப்பாளர் பிரெஞ்சில் சொன்னார், எழுத்தில் பதிந்தார்கள். வெளியே வந்து மெற்றோ ஏறி பிளமொண்டனில் இறங்கியதும் அந்த வசனத்தின் இரண்டாம் பாதி காணாமற் போய்விடும். கடையில், கோயிலில், கலைவிழாவில் முதற் பாதி மட்டும்தான். இரண்டு பாதியையும் ஒரே மூச்சில், மூடிய அறைக்குள் இல்லாமல் பாராளுமன்றத்தில், பெயரும் விலாசமும் தெரியச் சொல்லிக்கொண்டிருந்தவர் நீலன். எங்களுக்கு வதிவிட உரிமை கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது வேறு.

இப்போது புலிகள் இல்லை, 2009 மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. அதன் பிறகு எங்கள் அமைப்புகள் எல்லாம் ஜெனீவாவுக்குப் போகின்றன. சர்வதேசச் சட்டம், பொறுப்புக்கூறல், சாட்சியப் பாதுகாப்பு என்று பேசுகின்றன. சரியான வேலைதான். ஆனால் அந்தச் சொற்களை யார் முதலில் எங்களுக்காகப் பேசினார்கள் என்று ஒரு வரியாவது அந்த அறிக்கைகளில் இருக்கிறதா? ஆங்கிலப் புகழுரைக்காரரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. வருடாவருடம் கொழும்பில் அவர் பெயரில் நினைவுரை நடத்துகிறவர்கள், அவர் கொல்லப்பட்ட அடுத்த வருடமே நூலாக வந்த அவருடைய பாராளுமன்றப் பேச்சுகளைத் தமிழில் மலிவு விலையில் போட்டு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கொடுத்தால் என்ன? அவரைப் பாதுகாப்பான மண்டபத்துக்குள் வைத்திருப்பதும் ஒருவகையில் வாசிக்காமல் இருப்பதுதான்.

1999 ஜூன் மாதம், நீலன் உயிரோடு இருந்த கடைசி வாரங்களில், செம்மணியில் முதன்முதலாகப் புதைகுழி தோண்டினார்கள். கிருஷாந்தி வழக்கில் தண்டனை பெற்ற சிப்பாய் ஒருவன் கோட்டில் வாய் திறந்ததால் தோண்டவேண்டி வந்தது. பதினைந்து எலும்புக்கூடுகள் எடுத்தார்கள், பிறகு மூடிவிட்டார்கள். 2025 இல் அதே செம்மணியில், சித்துப்பாத்தி மயானத்தில், மீண்டும் தோண்டியபோது இருநூறுக்கு மேற்பட்ட எலும்புக்கூடுகள் வந்தன. அதில் ஒரு பிள்ளையின் நீலநிறப் பள்ளிப் பையும் வந்தது. குழியடியில் தாய்மார் நிற்கிறார்கள். அவர்களோடு இளம் தமிழ்ச் சட்டத்தரணிகள் நின்று ஒவ்வொரு எலும்புக்கும் இலக்கம் போடுவதைப் பார்த்துக் குறிப்பெடுத்து, நீதவான் நீதிமன்றத்தில் மனுக் கொடுக்கிறார்கள். அந்த நீதிமன்றமும் அதே அரசின் நீதிமன்றம்தான்.